ஊர் நலம் காக்கும் கணக்கு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்னும் சிறிது நேரத்தில் குழந்தைகளின் நடனமும், அதன்பின் நாடகமும் நடைபெற இருக்கின்றன. அவற்றைக் காண வந்திருக்கும் உங்கள் முன், நோயைப் பற்றிப் பேச ஒருவனை நிறுத்தியிருக்கின்றார்கள் சங்கத்தார். விருந்துக்கு இலை போட்டவுடன் பாகற்காயை முதலில் பரிமாறுவது போன்ற காரியம் இது. ஆயினும், டில்லிக்கு வெளியே நகரசபை ஒன்றின் சுகாதாரப் பிரிவில் முப்பத்துமூன்று ஆண்டுகள் பணிபுரிந்த எனக்கு வேறு பொருள் பற்றிப் பேசும் தகுதி இல்லை. ஆகவே பொறுத்தருள வேண்டுகின்றேன்.

சுகாதார இலாகா என்ன செய்கின்றது என்று கேட்டால், நம்மிற் பலர், "தெருவில் புகை அடிக்கும்; சாக்கடையோரம் வெள்ளைப் பொடி தூவும்; குழந்தைகளுக்கு ஊசி போடும்" என்பார்கள். இவையெல்லாம் உண்மையே. ஆனால் இவை அந்த இலாகாவின் கைகள். கைகள் எங்கே செல்ல வேண்டும் என்று காட்டுவதற்குக் கண் ஒன்று வேண்டுமல்லவா? அந்தக் கண், ஒரு கணக்கேடு. எந்தத் தெருவில், எந்த வீட்டில், எந்த நாளில், யாருக்கு என்ன நோய் கண்டது என்று எழுதிவைக்கும் ஏடுதான் அது. பார்வைக்கு மளிகைக் கடைப் பேரேடு போலத்தான் இருக்கும். ஆயினும் ஒரு நகரத்தின் உயிர் அதில் இருக்கின்றது.

1854-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவிற்று. சில வாரங்களில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நோய் கெட்ட காற்றினால் பரவுகின்றது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் மட்டும், இறந்தவர்களின் வீடுகளை விசாரித்துப் பார்த்தார். மரணங்கள் பெரும்பாலும் பிராட் தெருவிலிருந்த ஒரு குடிநீர்க் குழாயைச் சுற்றியே குவிந்திருந்தன. அவர் வேண்டுகோளின்படி அந்த அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. இராபர்ட் காக் நம் கல்கத்தாவுக்கு வந்து வாந்திபேதிக் கிருமியை உறுதியாகக் கண்டறிந்ததோ 1884-இல்தான். கிருமி இன்னதென்று உலகம் ஒப்புக்கொள்ளுமுன்னரே, அது வரும் வழியைக் கணக்கு காட்டிவிட்டது. இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டால், நான் மேலே சொல்லப் போகின்றவை யாவும் எளிதில் விளங்கும்.

தொலைதேசத்துக் கதை எதற்கு? நாம் வாழும் இந்த டில்லி மாநகரிலேயே நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றேன். 1955-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் யமுனை நதி தன் ஓட்டத்தில் சற்று விலகிற்று. வஜீராபாத்தில் நகருக்குக் குடிநீர் எடுக்கும் இடத்தை நஜப்கட் கால்வாயின் கழிவுநீர் எட்டிவிட்டது. இதை அறிந்த பொறியாளர்கள் குளோரினை மிகுதியாகச் சேர்த்தார்கள். அதன் பயனாக டைபாய்டு முதலியவை பெருகவில்லை. நகரம் தப்பியது என்றே தோன்றிற்று. ஆனால் சில வாரங்கள் சென்றபின், டிசம்பர் மாதத்தில், வீடுதோறும் மஞ்சட்காமாலை தோன்றலாயிற்று. ஜனவரி முடிவதற்குள் ஏறத்தாழ 29,300 பேருக்குக் கண்கள் மஞ்சளித்தன. அந்தக் கிருமி, மற்றவற்றை அழித்த குளோரினுக்கு அடங்கவில்லை.

அன்று நோயாளிகளை எண்ணி, அவர்களுக்கு நோய் கண்ட நாளை எழுதிவைத்தவர்களால்தான், பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்த நவம்பர் மாதத்துத் தண்ணீரே காரணம் என்று தெளிய முடிந்தது. அன்று சேமித்து வைத்த இரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்து, இது அதுவரை அறிந்திராத வேறொரு காமாலை என்று 1980-இல் அறிவித்தனர். இன்று அதனை ஹெப்படைட்டிஸ் ஈ என்று மருத்துவர்கள் வழங்குகின்றனர். பெரும்பாலோர்க்கு இந்நோய் சில வாரங்களில் தானே நீங்கிவிடும். ஆனால் நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணிகளுக்கு இது எமன். ஏழாம் மாதத்துக்குமேல் இதற்கு ஆளாகும் தாய்மார்களில் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் இதற்கு வருவேன்.

இனி, இக்காலத்தில் கணக்கு எவ்வாறு எடுக்கப்படுகின்றது என்பதைப் பார்ப்போம். 2004-ஆம் ஆண்டு நம் நாட்டில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன்படி மூன்று வாயில்களின் வழியே செய்தி வருகின்றது. வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணிப்பெண், தான் கண்டதை எழுதுவாள். அவள் நோயின் பெயர் அறிந்திருக்க வேண்டுவதில்லை. இத்தனை பேருக்குக் காய்ச்சல், இத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் போதும். மருத்துவர், நோயாளியைப் பார்த்துத் தாம் கருதும் நோயின் பெயரை எழுதுவார். பரிசோதனைக்கூடத்தார், சோதித்து உறுதியானதை எழுதுவர். ஆதியில் இவை திங்கள் முதல் ஞாயிறு வரை வாரக் கணக்காக மாவட்ட அலுவலகம் சென்றன. 2021 முதல் மின்னணு முறையில் அன்றன்றே பதியும் ஏற்பாடு வந்துள்ளது.

அலுவலகத்தில் இருப்பவர் இந்த எண்களைக் கொண்டு என்ன செய்வார்? சென்ற ஆண்டுகளில் இதே வாரத்தில் இதே பகுதியில் எத்தனை பேர் நோயுற்றனர் என்று ஒப்பிடுவார். வழக்கமாக இருவருக்குக் காமாலை காணும் இடத்தில் ஒன்பது பேருக்குக் கண்டால், உடனே ஒரு குழு புறப்படும். முதலில் நோய் இன்னதுதானா என்று உறுதி செய்வார்கள். பிறகு நோயாளர் பட்டியல் ஒன்று எழுதுவார்கள்: பெயர், வயது, வீடு, நோய் கண்ட நாள், குடித்த நீர், உண்ட இடம். அதன்பின் வீடுகளை வரைபடத்தில் புள்ளியிடுவார்கள். புள்ளிகள் ஒரு குழாயின் வழியே வரிசையாக நின்றால் தண்ணீரையும், ஒரு விருந்துக்குச் சென்றவர்களின் வீடுகளிலே நின்றால் உணவையும் ஐயுறுவார்கள்.

நாள் கணக்கும் பேசும். கிருமி உடம்பில் புகுந்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடைப்பட்டதை நோயரும்பு காலம் என்பார்கள். வாந்திபேதிக்கு அது சில மணி முதல் ஐந்து நாள் வரை. டெங்குவுக்கு நான்கு முதல் பத்து நாள். நான் சொன்ன காமாலைக்கு இரண்டு வாரம் முதல் பத்து வாரம் வரை. ஆகவே இன்று மஞ்சளித்த கண், சென்ற மாதத்துத் தண்ணீரைப் பற்றிச் சாட்சி சொல்கின்றது. அந்தச் சாட்சியைக் கேட்டு, குழாய் உடைந்த இடத்தைத் தோண்டிச் செப்பனிட்டு, அதுவரை லாரியில் நல்ல நீர் வழங்கி, நீரைக் கொதிக்கவைத்துப் பருகுமாறு அறிவித்து, கர்ப்பிணிகளைத் தனியே கண்டு எச்சரிப்பார்கள். கடைசி நோயாளிக்குப் பின், நோயரும்பு காலத்தைப் போல் இருமடங்கு நாட்கள் புதிதாக எவருக்கும் வராத பின்னரே காவலைத் தளர்த்துவார்கள். நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் தனி ஒருவரின் உடலுக்குச் சொன்னதை, இவர்கள் ஊருக்குச் செய்கின்றார்கள் எனலாம்.

இத்தனை ஏற்பாடும் ஒன்றை நம்பியே நிற்கின்றது. நோய் கண்ட வீடு வாய் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் என்னாகும் என்பதை, என் சொந்த வாழ்வில் நேர்ந்த ஒன்றால் கூறுகின்றேன். இதை இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

1986-ஆம் ஆண்டு. நான் பணியில் சேர்ந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. என் பொறுப்பில் இருந்த ஊழியர் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. அவற்றுள் ஒரு வீடு எனக்குத் தாய்வீடு போன்றது. விடுதிச் சப்பாத்தியில் சலித்துப்போன எனக்கு, ஞாயிறுதோறும் சோறும் ரசமும் கிடைத்த இடம் அது. ஜூலை மாதத்தில் ஒருநாள் சென்றபோது, அவ்வீட்டுப் பையன் சுருண்டு படுத்திருந்தான். கண்களைப் பார்த்தேன், மஞ்சள். அந்த அம்மாள் சொன்னார்: "ஒன்றுமில்லை தம்பி. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறேன். அடுத்த வீட்டுப் பையனுக்கும் போன வாரம் இப்படித்தான் இருந்தது, சரியாகிவிட்டது." நான் எழுந்தபோது வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "வருகிற புதன்கிழமை நம் பெண்ணைப் பார்க்க வருகிறார்கள். நீங்கள் புத்தகத்தில் எழுதினால் ஆட்கள் வருவார்கள், தெருவெல்லாம் பேச்சாகிவிடும். நம்மவர் நீங்கள். எழுதிவிடாதீர்கள் தம்பி" என்று கேட்டுக்கொண்டார்.

நான் எழுதவில்லை.

ஒரே குழாய் வரிசையில் இரு வீடுகள், இரு வாரங்கள், இரண்டு காமாலைகள். ஆய்வாளனாகப் பயிற்சி பெற்றவனுக்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேறென்ன வேண்டும்? ஆயினும் உண்ட வீட்டின் மேல் கொண்ட அன்பு என் பேனாவைத் தடுத்துவிட்டது. அதுவே நல்ல குணம் என்றுகூட அன்று எண்ணிக்கொண்டேன்.

மூன்று வாரங்கள் கழித்து, அரசாங்க மருத்துவமனையிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குச் செய்தி வந்தது. அதே குடியிருப்பில், இரண்டு வரிசை தள்ளி வசித்த ஒரு பெண், எட்டு மாதக் கர்ப்பிணி, காமாலையோடு சேர்க்கப்பட்டிருந்தாள். நாங்கள் பட்டியல் எழுதத் தொடங்கினோம். மாலைக்குள் பதினேழு பேர் தேறினார்கள். பதினேழு வீட்டாரும், "எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்தோம்" என்றே சொன்னார்கள். தண்ணீரைச் சோதித்தோம், குழாய் முனையில் குளோரின் சிறிதும் இல்லை. தோண்டிப் பார்த்ததில், சாக்கடைக்குக் குறுக்கே சென்ற குடிநீர்க் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. தண்ணீர் நின்ற வேளைகளில் குழாய் சாக்கடை நீரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் போதாமல் வீட்டார் குழாயிலேயே நேரே பொருத்தியிருந்த மோட்டார்கள் அந்த இழுப்பை மேலும் வலுவாக்கின. ஒரே நாளில் குழாயை மாற்றினார்கள். ஒரு நாள் வேலைதான் அது. அந்தப் பெண் நான்காம் நாள் இறந்துபோனாள். குழந்தையும் பிழைக்கவில்லை.

நான் அன்றே எழுதியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று என்னை நானே பலமுறை கேட்டதுண்டு. ஏற்கெனவே அவள் உடம்பில் கிருமி புகுந்திருக்கலாம். அதை எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் அந்த மூன்று வாரமும் அவ்வரிசைகளில் இருந்தோர் அந்தத் தண்ணீரையே குடித்தார்கள் என்பதும், அவளிடம் சென்று, "அம்மா, கொதிக்கவைத்துக் குடியுங்கள்" என்று சொல்ல என் ஒருவனுக்கே செய்தி தெரிந்திருந்தது என்பதும் உண்மை. அவள் தமிழ்ப் பெண் அல்லள். நம்மவருக்காக வாய் மூடியிருந்தேன். அதன் பயனை அயலார் ஒருவர் அனுபவித்தார். நோய்க்கு நம்மவர், அயலவர் என்ற வேற்றுமை இல்லை என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

அந்த அம்மாளை நான் குறைகூற மாட்டேன். பெண்ணைப் பெற்ற தாயின் அச்சம் அது. மக்கள் நோயை மறைப்பது பெரும்பாலும் அச்சத்தால்தான். அவ்வச்சத்தை வளர்த்ததில் அதிகாரிகளுக்கும் பங்குண்டு. 1897-இல் புனே நகரில் பிளேக் பரவியபோது, சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனையிட்டார்கள். நோயாளிகளைப் பிரித்து இழுத்துச் சென்றார்கள். மக்கள் கொதித்தெழுந்தனர், அதிகாரி ராண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். பலவந்தம் மிகுந்த இடத்தில் நோயாளியைப் பரணில் ஒளிப்பார்களே தவிர, பதிவேட்டில் எழுத விடமாட்டார்கள். 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்ற செய்தி பரவியவுடன், சில நாட்களில் லட்சக்கணக்கானோர் நகரைவிட்டே ஓடினார்கள். அண்மையில் 2020-இல் கொரோனா வந்தபோது, கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பைக் கண்டு அஞ்சி, இருமலை மறைத்தவர் எத்தனை பேர் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இதற்கு நேர்மாறான வழியில் பெற்ற வெற்றியும் நம் நாட்டுக்கு உண்டு. பெரியம்மையை ஒழிக்க முற்பட்டபோது, எல்லோருக்கும் அம்மை குத்துவது மட்டும் போதவில்லை. 1973 முதல் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, அம்மை கண்டவர் படத்தைக் காட்டி, "இப்படி யாரேனும் உண்டா?" என்று கேட்டார்கள். செய்தி சொன்னவருக்குப் பரிசு கொடுத்தார்கள். நோயாளிகள் அருக அருகப் பரிசுத் தொகை உயர்ந்து, முடிவில் ஆயிரம் ரூபாயை எட்டிற்று. செய்தி வந்த இடத்தில் மட்டும் சுற்றி வளைத்து அம்மை குத்தினார்கள். 1975 மே மாதத்தோடு பெரியம்மை இந்தியாவில் ஒழிந்தது. ஈராண்டு தேடிப் பார்த்தபின் 1977 ஏப்ரலில் அதை உறுதி செய்தார்கள். தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் பிள்ளைகளைக் கொண்டுபோன அந்நோயை, ஊசியோடு சேர்ந்து ஒழித்தது சாதாரண மக்கள் சொன்ன செய்தியே ஆகும்.

ஆதலின் இலாகாவுக்கும் ஒரு கடமை உண்டு, நமக்கும் ஒன்று உண்டு. பெயரை வெளியிடாமல் காப்பதும், நோயாளியைக் குற்றவாளி போல் நடத்தாமலிருப்பதும், செய்தி வந்தால் உடனே செயல்படுவதும் இலாகாவின் கடமை. அவற்றில் தவறினால் கேட்கும் உரிமை நமக்குண்டு; கேட்கவும் வேண்டும். ஆனால் செய்தி சொன்னவனுக்கே கேட்கும் உரிமை முழுமையாக உண்டு.

நம் காலனியில் நாம் செய்யக்கூடியவை சிலவே. வீட்டில் காமாலை, விடாத காய்ச்சல், கடும் வயிற்றுப்போக்கு, அம்மைக் கொப்புளம் கண்டால், எந்த வைத்தியம் செய்தாலும் சரி, மருந்தகத்திலோ மருத்துவரிடமோ சொல்லிவிடுங்கள். கீழாநெல்லி கொடுக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. கொடுத்துவிட்டு வாய் மூடியிருக்க வேண்டாம் என்றே கூறுகின்றேன். கொசுப் புழுவைத் தேடி மாநகராட்சி ஊழியர் கதவைத் தட்டினால், "பிறகு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். 1996-இல் இந்த டில்லியில் டெங்குவினால் 10,252 பேர் நோயுற்று 423 பேர் மாண்டார்கள். அந்தக் கொசு வளர்வது சாக்கடையில் அன்று. நம் ஏர் கூலரிலும், மூடாத மாடித் தொட்டியிலும், பூந்தொட்டியின் தட்டிலுமே. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேற்பட்ட காலம் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை நீரை வடித்துக் காயவைத்தால் போதும். குழாயில் நேரே மோட்டார் வைத்து உறிஞ்சும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள்.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். பொங்கலுக்கும் இந்த விழாவுக்கும் நன்கொடை திரட்ட ஒவ்வொரு வரிசைக்கும் ஒருவரை நியமித்திருக்கின்றீர்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் ஊருக்குப் போயிருக்கின்றார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரே திங்கட்கிழமைதோறும் தம் வரிசையில், தமிழர் பிறர் என்று பாராமல், நலம் விசாரித்து, இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நோய் காணப்பட்டால் மருந்தகத்துக்குத் தெரிவிக்கலாம். பெயர் கூட வேண்டாம். "இன்ன வரிசையில் மூன்று காமாலை" என்ற ஒரு வரி போதும். செலவு ஏதும் இல்லை.

அந்த அம்மாளின் மகளுக்கு அவ்வாண்டே நல்ல இடத்தில் திருமணம் ஆயிற்று. நானும் சென்றிருந்தேன். பந்தியில் அமர்ந்திருந்தபோது, இரண்டு வரிசை தள்ளிப் பூட்டிக் கிடந்த வீடு என் கண்முன் நின்றது. இலையில் இருந்தது இறங்கவில்லை. அன்று முதல் ஓய்வு பெறும் நாள் வரை, எவர் கேட்டுக்கொண்டும் ஒரு வரியையும் நான் எழுதாமல் விட்டதில்லை. உங்கள் பகுதி ஆய்வாளர், ஏட்டைத் திறந்துகொண்டு உங்கள் வாசலில் நின்றால், அவரைத் தயவுசெய்து எழுத விடுங்கள்.